மூன்று மாதப் பயிற்சியில் 42 கிலோமீட்டர் ஓட முடியுமா?

பெயர் கொடுத்தாகிவிட்டது. கட்டணமும் கட்டியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு அலுவலக நண்பர்களோடு சேர்ந்து உற்சாகத்தில் எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகு ஓவர்டைம், மாலை மழை, ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல், கல்யாண விருந்து என்று நாள்கள் ஓடின; கால்கள் ஓடவில்லை. இப்போது மாரத்தானுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. தொலைவு 42.195 கிலோமீட்டர். ஓடலாமா, விட்டுவிடலாமா?

கோலாலம்பூர் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் மாரத்தான் 2009-இல் தொடங்கியது. இருட்டு விலகும் முன்பே டத்தாரான் மெர்டேக்காவில் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். அவர்களில் பலர் முதல் முறை ஓடுபவர்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான் எனப் பள்ளத்தாக்கின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் இவர்களுக்கு முழுநேரப் பயிற்றுநர் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று காலைப் பொழுதுதான் கிடைக்கும். இவ்வளவு குறைந்த பயிற்சியை வைத்துக்கொண்டு உடல் என்ன செய்யும், எங்கே மறுக்கும் என்பதை ஆய்வாளர்கள் ஓரளவு துல்லியமாகவே அளந்திருக்கிறார்கள்.

லண்டனில் 138 பேர்

முதலில் நல்ல செய்தி. 2016, 2017 ஆண்டுகளில் லண்டன் மாரத்தானை முதல் முறையாக ஓடிய 138 பேரை அங்குள்ள ஆய்வாளர்கள் பயிற்சிக்கு முன்பும் ஓட்டத்துக்குப் பின்பும் ஸ்கேன் செய்து பார்த்தனர். முடிவுகள் 2020-இல் வெளியாயின. எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், ஆனால் அதற்கு முன்பு வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஓடாதவர்கள். அவர்கள் 17 வாரம் பயிற்சி எடுத்தார்கள். வாரத்துக்கு ஓடியது ஏறத்தாழ 10 முதல் 21 கிலோமீட்டர்தான்.

மாரத்தான் வீரர்கள் ஒரே நாளில் ஓடும் தொலைவு அது. இருந்தும் இவர்கள் ஓட்டத்தை முடித்தார்கள். சராசரியாக ஆண்களுக்கு நாலரை மணி நேரமும் பெண்களுக்கு அதைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகவும் ஆயிற்று. இரத்த அழுத்தம் குறைந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் விறைப்பும் தளர்ந்தது. அந்த மாற்றத்தை வயதுக் கணக்கில் சொன்னால், தமனி ஏறத்தாழ நான்கு வயது இளமையாகியிருந்தது. அதிகப் பயன் அடைந்தவர்கள் வேகமாக ஓடியவர்கள் அல்லர். வயது கூடிய, மெதுவாக ஓடிய, தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சற்று அதிகமாக இருந்த ஆண்கள்தாம்.

இந்தப் பலன் வந்தது ஓட்ட நாளால் அல்ல, அதற்கு முந்தைய நான்கு மாதங்களால். ஓட்ட நாள் உடலுக்கு ஒரு சோதனைதான். அந்தச் சோதனை எங்கெங்கே கடினமாகும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும்.

இரத்தம் முந்தும், எலும்பு பிந்தும்

பயிற்சி தொடங்கியதும் உடலின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. முதலில் மாறுவது இரத்தம். இரண்டு வாரத்துக்குள் அதன் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. முதல் நாள் மூச்சு வாங்கிய அதே மேடு இப்போது எளிதாகத் தெரியும்.

அடுத்து மாறுவது தசை. தசைச் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில்தான் பிராணவாயுவைக் கொண்டு உணவு எரிக்கப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹோலோஸி எலிகளைப் பல வாரம் ஓடவைத்து, அவற்றின் தசையில் இந்த எரிக்கும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதை 1967-இல் காட்டினார். மனிதத் தசையிலும் சில வாரங்களில் இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது.

கடைசியில் வருபவை தசைநாணும் எலும்பும். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது உறுதிப்பட மாதங்கள் ஆகும். எலும்பின் வழி இன்னும் விசித்திரமானது. புதிய சுமை வந்ததும் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகலாம். வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவரை இடித்துவிட்டுக் கட்டுவது போல, இடையில் எலும்பு சற்று பலவீனமாகவே இருக்கும்.

அதனால்தான் குறைந்த காலப் பயிற்சியில் இரண்டாம் மாதம் கவனிக்க வேண்டிய மாதம். மூச்சு ‘இன்னும் ஓடு’ என்று சொல்லும். கணுக்காலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும் இன்னும் தயாராகியிருக்காது. தொடை முழுக்கப் பரவலாக வலித்து இரண்டு நாளில் மறைந்தால் அது வழக்கமான தசைவலி. எலும்பின் மேல் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது எலும்பில் மயிரிழை முறிவாக இருக்கலாம்.

30-ஆவது கிலோமீட்டரில் ஒரு ‘சுவர்’

மாரத்தான் ஓடியவர்கள் ‘சுவரில் மோதினேன்’ என்பார்கள். அதுவரை ஓடிய கால், 30-ஆவது கிலோமீட்டர் வாக்கில் திடீரென ஈயம் போல் கனக்கும். இது மனப்பிரமை அல்ல, எரிபொருள் கணக்கு.

ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 2,700 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. தசையில் ஏறத்தாழ 400 கிராம், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். இரண்டும் சேர்ந்து 2,000 கிலோ கலோரி. கையில் இருக்கும் கிளைக்கோஜனைக் காலுக்கு மாற்றிவிடவும் முடியாது. மீதிச் செலவைக் கொழுப்புதான் கொடுக்க வேண்டும். ஒல்லியானவர் உடலில்கூடப் பல மாரத்தான்களுக்குப் போதுமான கொழுப்பு உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடினால் உடல் மாவுச்சத்தையே அதிகம் கேட்கும்.

இதை நேரில் காட்டியவர்கள் சுவீடனைச் சேர்ந்த ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு மருத்துவர்கள். 1966-இல் அவர்கள் தங்கள் உடலிலேயே சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். பிறகு ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைக்கோஜன் வற்றிப்போயிருந்தது. ஓய்ந்திருந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு சாப்பிட்டபோது, உழைத்த காலில் மட்டும் சேமிப்பு மற்றக் காலைப்போல் இரு மடங்காக ஏறியது. ஓட்டத்துக்கு முந்தைய நாள்களில் சோறு, நூடல்ஸ் எனச் சற்று அதிகம் சாப்பிடும் வழக்கம் இந்த ஆய்வில் வேர்கொண்டது.

பயிற்சி குறைந்தவரின் தசையில் மைட்டோகாண்ட்ரியா குறைவு. ஆகவே அதே வேகத்தில் அவர் அதிக மாவுச்சத்தைச் செலவழிப்பார். சுவரும் முன்னதாகவே வரும். இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாக ஓடுவது. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மற்றொன்று, வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்வது. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். எதைச் சாப்பிடுவதானாலும் பயிற்சி நாள்களிலேயே பழகிப் பார்க்க வேண்டும். நாசி லெமாக் போலக் கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஓட்ட நாள் காலைக்கு அது ஏற்றதல்ல.

நம் ஊர்க் காற்றின் ஈரம்

மாரத்தானில் மிக நல்ல நேரம் பதிவாவது 10 பாகை செல்சியஸுக்கு உட்பட்ட குளிரில். கோலாலம்பூரில் விடியற்காலையிலேயே 24, 25 பாகை இருக்கும். காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். காலை பத்து மணிக்கெல்லாம் வெப்பம் 30 பாகையைத் தொட்டுவிடும்.

ஓடும்போது தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்ற உடலுக்கு முக்கிய வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியானால்தான் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் சட்டையை நனைத்துச் சொட்டும். தண்ணீரும் போய், குளிர்ச்சியும் கிடைக்காத நிலை அது. இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பிவிடப்படுவதால் தசைக்குப் போகும் பங்கும் குறையும். வேகமாக ஓடுபவர் வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுவார். குறைந்த பயிற்சியோடு வருபவர் ஐந்து, ஆறு மணி நேரம் சாலையில் இருப்பார். களைத்த கடைசிப் பத்து கிலோமீட்டரும் வெயிலும் அவருக்கு ஒன்றாகவே வந்து சேரும்.

வெப்பத்துக்கு உடலைப் பழக்க முடியும். 10 முதல் 14 நாள், தினமும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெப்பத்தில் உழைத்தால் வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பும் குறையும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்ததே போதும் என்று நினைக்கக் கூடாது. பகல் முழுக்கக் குளிர்சாதன அலுவலகத்தில் இருந்து, மாலையில் குளிரூட்டிய ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடுபவருக்கு அந்தப் பழக்கம் முழுமையாக வராது.

இன்னொரு தவறு, பயத்தில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது. 2002 போஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும், ஓடும்போதே எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களும்தாம் அதில் அதிகம் சிக்கினார்கள். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். வெறும் தண்ணீரோடு 100 பிளஸ் போன்ற பானத்தையும் மாற்றி மாற்றிக் குடிக்கலாம். அதில் உப்பு குறைவுதான். அதையும் அளவுக்கு மீறிக் குடித்தால் இதே ஆபத்து உண்டு.

யாராவது தள்ளாடினாலோ, பிதற்றினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கக் குளிர்ந்த நீரும் பனிக்கட்டியும் வைத்துக் குளிரூட்ட வேண்டும். மருத்துவ உதவி வரும்வரை அதை நிறுத்தக் கூடாது.

வெயில் மட்டுமா? புகைமூட்டமும் உண்டு. 2015 அக்டோபரில் நடக்க வேண்டிய கோலாலம்பூர் மாரத்தான் அதனால்தான் ரத்தானது. காற்று மாசுக் குறியீடு மோசமாக உள்ள நாளில் வெளியே நீண்ட பயிற்சி ஓட்டம் வேண்டாம்.

இதயத்தைக் கேட்டுவிட்டு ஓடுங்கள்

2004, 2005 போஸ்டன் மாரத்தான்களில் ஓடிய 60 சாதாரண ஓட்டக்காரர்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். ஓட்டம் முடிந்ததும் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் இயல்பை மீறியிருந்தது. இதயத் தசை சிரமப்படும்போது கசியும் புரதம் அது. வாரத்துக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகப் பயிற்சி எடுத்தவர்களிடம் இந்தக் கசிவும், இதயத்தின் வலப்பக்க அறை தளர்வதும் தெளிவாகத் தெரிந்தன. ஆரோக்கியமானவர்களுக்கு இது பொதுவாகச் சில நாள்களில் சரியாகிவிடுகிறது.

மாரடைப்போ இதயம் நின்றுபோவதோ அரிது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நெடுந்தொலைவு ஓட்டங்களில் பங்கேற்ற 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. முழு மாரத்தானில் இது ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர். அரை மாரத்தானில் அதில் நான்கில் ஒரு பங்குதான்.

ஆனால் இந்தக் கணக்கை நம் சமூகம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டுக்கும் மேல். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது. ஓட வேண்டிய காரணமும் இதுதான். ஓடும் முன் பரிசோதிக்க வேண்டிய காரணமும் இதுதான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே அரசாங்கக் கிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ பேசிவிட வேண்டும். இன்சுலினும் சில மாத்திரைகளும் நீண்ட ஓட்டத்தில் சர்க்கரையைத் திடீரெனக் கீழே இறக்கும். மருந்தளவை நீங்களாக மாற்றாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவதும் வேண்டாம். 2015-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மாரத்தானை ஓடிய 22 பேரைச் சோதித்தபோது, 82 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. இரண்டு நாளில் அது சீரானது. வெப்பத்தில் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தின் மேல் ஐபுப்ரோஃபென் போன்ற மருந்து இன்னொரு சுமை.

நடந்தால் என்ன குறைச்சல்?

பயிற்சி குறைந்தவருக்கு மிகவும் உதவும் உத்தி, இடையிடையே நடப்பது. ஜெர்மனியில் 42 ஓட்டக்காரர்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு மாரத்தான் முழுக்க ஓடியது. மற்றது ஒவ்வொரு இரண்டரை கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் நடந்தது. நடந்தவர்களின் சராசரி நேரம் ஏழு நிமிடம்தான் அதிகம். ஓட்டத்துக்குப் பின் தசைவலியும் களைப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. இதயச் சிரமத்தைக் காட்டும் அளவுகளில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, நடை காலைக் காக்கும். இதயத்துக்கான பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

களைத்த பிறகு நடப்பது வேறு; முதல் ஐந்து கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு நடப்பது வேறு. இரண்டாவதில்தான் பயன் இருக்கிறது. நடையைக் கேவலமாக நினைப்பவர்கள் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டை நினைத்துப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகநடையில் நம் ஜி. சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 விநாடியில் தங்கம் வென்றார். அதே வேகத்தில் ஒரு மாரத்தான் தொலைவை நடந்தால் ஏறத்தாழ 3 மணி 31 நிமிடம் ஆகும். முதல் முறை ஓடும் பலருக்கு ஓடினாலும் எட்டாத நேரம் அது.

தைப்பூச இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை இரதத்தோடு நடந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பல மணி நேரம் காலில் நிற்பதே ஒரு பயிற்சி. பாதம், தோல், முதுகு எல்லாம் அதற்குப் பழக வேண்டும். வாரக் கடைசியில் மூன்று மணி நேரம் நடையும் ஓட்டமுமாகச் செல்வது இந்த வகையில் வீண்போகாது.

இருக்கும் வாரங்களில் என்ன செய்யலாம்?

வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு நாள் தலா 40 முதல் 50 நிமிடம் மெதுவோட்டம். ஞாயிறன்று ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 8 அல்லது 10 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொலைவைக் குறைத்து எலும்புக்கு ஓய்வு கொடுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; தவறவிட்டதைப் பிடிக்க அப்போது தொலைவைக் கூட்டக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்குப் பக்கத்திலேயே பெர்டானா தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதன் மேடு இறக்கங்களில் பழகுவது நல்லது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் தொடைத் தசையை அதிகம் காயப்படுத்துவது இறக்கம்தான். பண்டமாரான், போர்ட் கிள்ளான் பக்கம் தரை பெரும்பாலும் சமதளம். அங்கிருப்பவர்கள் பாலம், மாடிப்படி என்று ஏதாவது ஓர் ஏற்றத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். இருட்டில் ஓடுபவர்கள் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணியுங்கள். சாலை ஓட்டத்துக்கு இந்த எச்சரிக்கை எப்போதும் வேண்டும்: 2017 டிசம்பரில் கிள்ளானில் நடந்த மாரத்தானின்போதே ஓடிக்கொண்டிருந்த மூவர் மீது கார் மோதியது.

ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: நடையும் ஓட்டமுமாக 24 அல்லது 25 கிலோமீட்டரை வலியில்லாமல் முடித்து, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போக முடிந்ததா? முடிந்திருந்தால் முழு மாரத்தானுக்குப் போகலாம். முடியவில்லை என்றால், ஏற்பாட்டாளர்கள் அனுமதித்தால் அரை மாரத்தானுக்கு மாறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு ஓடலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அன்று ஓடக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், மயக்கம், தாறுமாறான துடிப்பு எதுவானாலும் அந்த இடத்திலேயே நின்று மருத்துவக் குழுவை அழையுங்கள்.

முடித்தாலும் பாதியில் நின்றாலும், ஒரு வாரம் ஓய்வெடுத்த பிறகு அதே மூன்று காலைகளில் மீண்டும் வெளியே வாருங்கள். லண்டனில் 138 பேரின் தமனியை இளமையாக்கியது அந்தக் காலைகள்தாம். அவற்றை நிறுத்திவிட்டால் கிடைத்த பலனும் மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.